பழுதானால் அழைக்கவும்

“சிஸ்டம் மேடம், கோட் வந்துச்சா?”

வந்தது, வந்தது. வராமல் என்ன கேடு? செருப்புக் கடை வாசலில் நின்று, அப்பாவின் படத்தைப் போனில் பெரிதாக்கிக் கடைக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். சரியாக அப்பாவின் நெற்றியில் அந்த ஆறு இலக்கம் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே மணி அடித்தது. அப்பாவின் முகம் போய், தெரியாத எண் ஒன்று திரை முழுக்க நிறைந்தது. கடைக்காரர், “முதல்ல போனைப் பேசி முடிங்கம்மா” என்று சொல்லிவிட்டு வேறு ஆளுக்கு அளவு பார்க்கப் போய்விட்டார்.

தெரியாத எண் எதையும் இன்றைக்கு எடுக்காமல் இருக்க முடியாது. காலையிலிருந்து அப்பாவைக் காணவில்லை. எங்கேயாவது யாராவது அவரைக் கண்டால் இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த யாரோ ஒருவரின் எண் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அதனால் ஒவ்வொரு முறையும் எடுக்கிறேன். எடுத்தால் கிடங்கிலிருந்து ஒருத்தர், விற்பனைப் பிரிவிலிருந்து ஒருத்தர், வண்டி ஓட்டுகிறவரின் போனை இரவல் வாங்கி ஒருத்தர். அத்தனை பேருக்கும் கோட் வேண்டும். “எங்கப்பாவைக் காணோம்ங்க, லைனை வைங்க” என்றால், “அய்யோ அப்படியா மேடம், சரி, அந்தக் கோடை மட்டும் சொல்லிட்டு வச்சிடுங்க” என்கிறார்கள். அந்த ‘மட்டும்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிகிறது.

எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பெயர் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து ‘சிஸ்டம் மேடம்’தான். அட்டைப்பெட்டி செய்து விற்கிற கம்பெனி. கணினி, பிரிண்டர், வைஃபை, முதலாளி மகளின் டேப்லெட், கணக்குப் பிரிவு அம்மாவின் போனில் எழுத்து திடீரென்று பொடியாகிப் போனது, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். வயர் போகிற பொருள் எதுவாக இருந்தாலும் என் தலையில்தான் வந்து விடியும். ஒருமுறை மின்விசிறி சத்தம் போடுகிறது என்றுகூடக் கூப்பிட்டார்கள். எந்தக் கருவியைத் திருப்பினாலும் பின்னால் நான் ஒட்டிய லேபிள் இருக்கும். கம்பெனியின் பெயர், அதன் கீழே ‘பழுதானால் அழைக்கவும்’, அதன் கீழே என் சொந்தப் போன் எண். வேலைக்கென்று தனியாக ஒரு போன் கொடுங்கள் சார் என்று கேட்டுக் கேட்டு என் தொண்டைத் தண்ணீர்தான் வற்றியது. “அதான் உங்ககிட்ட ஒண்ணு இருக்கேம்மா” என்பார் முதலாளி, ஏதோ அவர் வாங்கிக் கொடுத்த மாதிரி.

மெயில் கதை இன்னும் மோசம். கம்பெனி முழுக்க ஒரே மெயில், ஒரே கடவுச்சொல். அத்தனை கணினியிலும் அத்தனை போனிலும் அதே ஒன்றுதான் திறந்து கிடக்கும். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டுவிடலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. குடும்பத்துல ஆளுக்கொரு கதவு எதுக்கு?” என்றார். குடும்பமாம் குடும்பம். புதிதாக ஏதாவது ஒரு கருவியில் அந்த மெயிலைத் திறந்தால், திறக்கிறது உண்மையிலேயே நீங்கள்தானா என்று கேட்டு ஒரு கோட் என் போனுக்கு வரும். சீக்கிரம் சொல்லாவிட்டால் அது செத்துப்போய் இன்னொன்று வரும். அதற்கு என் எண்ணைக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, நானேதான். இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று கொடுத்தேன். எங்கள் தொழிலில் ‘அப்புறம்’ என்று ஒரு நாள் வந்ததே இல்லை.

காலையில் நான் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒரு கேபிளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை கூப்பிட்டாள். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். நாங்கள் இரண்டு பேரும் அப்பாவும்தான் வீட்டில். அம்மா போய் ரொம்ப நாளாகிறது. “அக்கா, குளிக்கப் போனேன்க்கா. வந்து பார்த்தா கதவு திறந்து கிடக்கு. அப்பா இல்ல” என்றாள். எழுந்த வேகத்தில் மேசை விளிம்பில் தலை இடித்தது. “மேல் தாழ்ப்பாள் போட்டியாடி?” என்று கத்தினேன். அவள் அழுதாள். போட்டிருக்கமாட்டாள். அந்த நிமிஷம் அவளைக் கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நாள் பூராவும் அவரைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான், குளிக்கவும் உரிமை இல்லையா அவளுக்கு என்று தோன்றியதெல்லாம் பாதித் தெருவைத் தாண்டிய பிறகுதான்.

கிளம்பும்போது முதலாளி வழி மறித்தார். கையில் புதுப் போன், மேலே ஒட்டியிருந்த தாளைக்கூட உரிக்கவில்லை. “இதுல மெயிலை மட்டும் போட்டுட்டுப் போயிடுங்களேன்.” அப்பாவைக் காணோம் சார் என்றேன். “வயசானவங்க எங்கம்மா போயிடுவாங்க? பக்கத்துல எங்கேயாவது உக்காந்திருப்பார். ஒரு நிமிஷ வேலை” என்று போனை நீட்டினார். அதை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு நடந்தேன். என்னிடம் இருந்த பொறுமை அவ்வளவுதான். அதன் பிறகு அவரே உட்கார்ந்து அதை நோண்டியிருக்கிறார். ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறவா?’ என்று அது கேட்டிருக்கிறது. கேட்டதற்கெல்லாம் ‘சரி’யை அமுக்குகிற விரல் அது. குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்து நின்றது. எல்லோரும் திரும்ப உள்ளே போகச் சாவி கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள். இதையும் நான் தெருவில் அலைந்துகொண்டிருக்கும்போது கணக்குப் பிரிவு அம்மாதான் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்பாவுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் அவருக்குள் அந்த வேலை இன்னும் ஓய்வு பெறவில்லை. கதவு திறந்திருந்தால் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். யார் வீட்டு வாசலிலும் நுழைந்து மீட்டர் பெட்டியைக் கண்டுபிடித்து, கண்ணைச் சுருக்கி இலக்கங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். ஒரு இலக்கம்கூடத் தப்பாது. தன் பெயர் தப்பும், சாப்பிட்டது தப்பும், அம்மா இல்லை என்பது தப்பும். தங்கை கண்ணெதிரிலேயே இருப்பதால் அவளை ஒருமாதிரி பிடித்து வைத்திருக்கிறார். என்னை விட்டுவிட்டார். நான் காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவள்தானே. செருப்பைக் கழற்றும்போதே மரியாதையாக எழுந்து நின்று, “மேடம், மீட்டர் எந்தப் பக்கம்?” என்பார். ஊரில் எல்லோருக்கும் நான் மேடம், சரி. பெற்ற அப்பாவுக்குமா? முன்பெல்லாம் அவர் என்னைக் கூப்பிடுகிற பெயர் கடுகு. எடுத்ததற்கெல்லாம் படபடவென்று வெடிக்கிறேன் என்று அவர் வைத்த பெயர். அதைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

முதல்முறை அவர் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தபோது, அலுவலக லேபிள் மெஷினில் துணி நாடா போட்டு ஒரு கற்றை அச்சடித்துக் கொண்டுவந்தேன். சட்டைக் காலரின் உள்பக்கம் வைத்துத் தைத்துவிடச் சொன்னேன். தங்கை அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தாள். வழக்கமான அச்சை மாற்றாமல் அடித்திருந்தேன். கம்பெனியின் பெயர், ‘பழுதானால் அழைக்கவும்’, என் எண்.

“அப்பா என்ன பிரிண்டராக்கா?”

“நம்பர் இருக்கில்ல, அது போதும். அப்புறம் மாத்தித் தர்றேன், இப்ப தைடி” என்றேன். அவள் எல்லாச் சட்டையிலும் தைத்தாள். தைக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

அதனால்தான் போனை அணைக்க முடியவில்லை, எண்ணை மாற்ற முடியவில்லை, எதையும் ஒதுக்க முடியவில்லை. ஊரில் இருக்கிற போன்களுக்கெல்லாம் தொல்லை தருகிற அழைப்பை எப்படித் தடுப்பது என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான். என் போன் மட்டும் சத்திரம் மாதிரி திறந்து கிடந்தது. பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை, பூங்கா என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக் கேட்டுக்கொண்டு போனேன். காவல் நிலையத்திலும் சொன்னேன். அங்கே இருந்தவர் அப்பாவின் அடையாளமெல்லாம் கேட்டுவிட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்றும் கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. “என் போன் ரொம்ப மெதுவா ஓடுதும்மா. படம் நிறைய இருக்கறதாலயா?” என்று தன் போனை என் பக்கம் தள்ளினார். நான் அதையே பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், என் கை தானாக அதன் பக்கம் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன். அவரைத் திட்ட முடியாது, அவர்தான் தேட வேண்டும். வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்று மரத்தைத் திட்டினேன்.

அங்கே நிற்கும்போது வரிசையாக மூன்று கோட் வந்தது. மூன்று அழைப்பு வந்தது. அப்புறம் முதலாளியே லைனில் வந்தார். “என்னம்மா, வாடிக்கையாளர் மெயில் எல்லாம் காத்துக்கிட்டிருக்கு, நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க.” அப்பா கிடைத்தாரா என்று கேட்பார், கேட்டுவிட்டுத்தான் வைப்பார் என்று ஒரு மடத்தனத்தில் காத்திருந்தேன். “சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க” என்று வைத்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார். சாலையில் போகிற ஒவ்வொரு லாரியும் என் நெஞ்சில் ஏறிப் போனது. அந்த நேரம் பார்த்து இன்னொரு தெரியாத எண்.

எடுத்தேன். எதிர்ப்பக்கம் வாயைத் திறக்கவிடவில்லை.

“கோட்தானே? கோட்தானே வேணும் உங்களுக்கு? ஒரு மனுஷி செத்தாக்கூட அவ போனை எடுத்துக் கோட் பார்த்துட்டுதான் தூக்குவீங்களா? ஒரு நாள் மெயில் இல்லேன்னா என்ன குடியா முழுகிடும்? அணைச்சு வச்சிட்டுப் போய்த் தூங்குங்க எல்லாரும்! இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட்டா நடக்கறதே வேற!”

வைத்துவிட்டேன். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போதுதான் காதில் தங்கியிருந்தது மெதுவாக மேலே வந்தது. நான் கத்திக்கொண்டிருந்தபோது, நடுவில், யாரோ பயந்த குரலில் “அம்மா, இங்க ஒரு பெரியவர்” என்று ஆரம்பித்திருந்தார்.

அந்த எண்ணைத் திரும்ப அழைத்தேன். பேசிக்கொண்டிருக்கிறார். மறுபடி அழைத்தேன். பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் கோட் ஒன்று. மறுபடி. என் வாய்க்குக் கொள்ளி வைக்க. கோபம் கோபம் என்று இத்தனை வருஷம் பெருமையாகச் சுமந்து திரிந்தேனே, அப்பாவையே அடித்துத் துரத்திவிட்டதே அது. அந்த ஆள் இனி எதற்குக் கூப்பிடுகிறார்? நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்தா? எவளோ பைத்தியக்காரி என்று சொல்லி அப்பாவைத் தெருவில் விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். மரத்தடியிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. அதே எண். எடுத்தேன்.

“அம்மா, திட்டாதீங்கம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க” என்றது குரல். பின்னால் ஆவி சீறுகிற சத்தம். “நான் லாண்டரிக் கடை வச்சிருக்கேன். ஒரு பெரியவர் உள்ள வந்து மீட்டர் பாக்கணும்னார். சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சிருந்துச்சு. எங்க தொழில்ல யார் சட்டையைப் பார்த்தாலும் கண்ணு முதல்ல குறி தேடிக் காலர் உள்பக்கம்தான்மா போகும். நம்பர் இருந்துச்சு, கூப்பிட்டேன். கையில சோப்பா இருந்துச்சா, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். நீங்க திட்டினது கடை முழுக்கக் கேட்டுச்சு.”

“மன்னிச்சிடுங்கண்ணே” என்றேன். அழுகைதான் வந்தது.

“அட, அது இருக்கட்டும்மா. நான் போனை வச்சிட்டுப் போலீசுக்குக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். அது வரைக்கும் மீட்டரைத் தவிர வேற எதுவும் பேசாத மனுஷன் வாய்விட்டுச் சிரிக்கறாரு. ‘அது என் பொண்ணுய்யா. கடுகு. திரும்பக் கூப்பிடு, கோவம் இறங்கியிருக்கும்’ங்கறாரு. அதான் கூப்பிட்டேன்.”

கிடைத்த வண்டியைப் பிடித்துப் போனேன். வழியில் தங்கைக்குச் சொன்னேன். “கடுகுன்னா சொன்னாரு? அப்படியேவா சொன்னாரு?” என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடை சின்னதுதான். மேலே கம்பியில் வரிசையாகச் சட்டைகள், ஒரு பக்கம் துவைக்கிற மெஷின், ஒரு பக்கம் தேய்க்கிற பலகை. கடைசிச் சுவரில் மீட்டர். அதன் கீழே அப்பா நின்றுகொண்டு இருந்தார். லாண்டரிக்காரர் அவருக்குத் துவைத்த சட்டை ஒன்று மாட்டிவிட்டிருந்தார், யாருடையதோ, தோள் தொங்கியது. அவருடைய சட்டை அலசிப் பிழிந்து கம்பியில் காய்ந்தது. காலர் வெளிப்பக்கம் மடிந்து, பழுதானால் அழைக்கவும் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தொங்கியது. சே, அதையாவது மாற்றித் தொலைத்திருக்கலாம்.

வண்டியில் வரும்போதே முடிவு செய்திருந்தேன், இனி அவரிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று. பக்கத்தில் போய்க் கையைத் தொட்டு, எனக்கே தெரியாத ஒரு மெல்லிய குரலில், “அப்பா” என்றேன்.

திரும்பினார். வழிவிட்டு ஒதுங்கி நின்றார். “சொல்லுங்க மேடம். உங்க வீடும் இதே தெருவா?”

“அப்பா, நான்தான்ப்பா. வீட்டுக்குப் போலாம் வாங்க.”

“இந்த வரிசை முடிச்சிட்டு வந்துடறேன் மேடம்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு மீட்டரை விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். கையைப் பிடித்து இழுத்தேன், கூச்சத்தோடு விடுவித்துக்கொண்டார். அன்னியப் பெண் கையைப் பிடிக்கிறாளே என்கிற கூச்சம். இவ்வளவு தூரம் ஓடிவந்தது இதற்கா? லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, “தப்பா நினைக்காதீங்கம்மா. முன்னாடி போன்ல பேசினீங்களே, அந்த மாதிரி பேசிப் பாருங்களேன்” என்றார்.

முயன்றேன். “என்னப்பா நீங்க, சொல்லாமக் கொள்ளாம வெளிய…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்பாவின் தோளில் தொங்குகிற அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு எப்படித் திட்டுவது? நாளெல்லாம் பொங்கி வழிந்த கோபத்தில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை, வேண்டுமென்கிறபோது.

போன் அடித்தது. முதலாளி.

“என்னம்மா, இன்னும் கோட் வரலை? அப்பா கிடைச்சாரோ இல்லையோ, ஒரு நம்பரைப் படிச்சுச் சொல்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“கிடைச்சாரோ இல்லையோவா?” என்றேன். எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது. “என்ன சொன்னீங்க? கிடைச்சாரோ இல்லையோவா? ஏன் சார், காலையில காணோம்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேனா இல்லையா? குடும்பம் குடும்பம்னு வாய் கிழியப் பேசுவீங்களே, குடும்பத்துல ஒருத்தராவது கேட்டீங்களா, கிடைச்சாரான்னு? பொத்தானைப் பார்த்தா கை சும்மா இருக்காது, அமுக்கறது நீங்க, அலையறது நானா? ஒரு போன் வாங்கித் தர வக்கில்ல, எங்கப்பா வந்து சேர வேண்டிய நம்பர்ல உக்காந்துக்கிட்டு நகரமாட்டேங்கறீங்க! கோட் கிடையாது. போங்க, என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க!”

மீட்டர் படிக்கிற சத்தம் நின்றிருந்தது. அப்பா என் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தார். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமாக விரிந்தது.

“கடுகு” என்றார். “யாரும்மா போன்ல? யாரு உன்னை என்ன சொன்னா?”

“நாளைக்கு நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்றார் முதலாளி. இணைப்பு அறுந்தது. என் காதில் ஒன்றுமில்லை. நான் வாயை மூடினேன். மூடிய அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அப்பாவின் பார்வை என்னிடமிருந்து நழுவி, நெற்றி சுருங்கி, மெதுவாக மறுபடி மீட்டர் பக்கம் போகத் தொடங்கியது.

“இருங்க சார், வைக்காதீங்க! நான் இன்னும் முடிக்கலை!” என்று கத்தினேன்.

அப்பா திரும்பினார். லாண்டரிக்காரர் ஈரச் சட்டையை ஒரு பையில் போட்டு என் தோளில் மாட்டிவிட்டார். செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். பிரிண்டரில் தாள் சிக்கினதற்கு, மின்விசிறிக்குக் கூப்பிட்டதற்கு, டேப்லெட்டுக்கு, தராத லீவுக்கு, ஒன்று விடாமல் தெருவே திரும்பிப் பார்க்கத் திட்டிக்கொண்டே நடந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “கேளு, நல்லாக் கேளு” என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியபடி கூடவே வந்தார்.